கதவில்லாத வீட்டுக்குச் சாவி

பசியாவரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிவதற்கு ஒரு துரும்பு போதும். ஊர் பூவரச மரத்தடியில் கூடும். நாட்டார் ஒரு காய்ந்த விழலை எடுத்து நீட்டுவார். ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனையை அவள். இழுத்தால் அறுந்துவிடும். தோணியும் வலையும் அவனுக்கு, வீடு அவளுக்கு. வலை பின்னியவன் அவன், கூரைக்கு ஓலை முடைந்தவள் அவள் என்பதால் இதில் பேச ஒன்றும் கிடையாது. உலை வைத்துவிட்டு வந்த பெண், சோறு குழைவதற்குள் திரும்பிவிடலாம்.

குப்பம்மாளும் உலை வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

அவள் புருஷன் தருமன் சித்திரை மாதத்தில் சுண்ணாம்பு வாங்கிவருகிறேன் என்று சுண்ணாம்புக்குளம் போனவன், வைகாசி முடிய வெறுங்கையோடு வந்தான். மறுபடி போனான், மறுபடி வெறுங்கை. மூன்றாவது தடவை குப்பம்மாள் அவனை உட்காரவைத்துக் கேட்டாள்.

"அந்தச் சுண்ணாம்புக்குப் பேரு இன்னாயா?"

தருமனுக்குப் பொய் சொல்ல வராது. "பவுனம்மா" என்றான்.

அவ்வளவுதான். ஆவணியில் துரும்பு அறுந்தது. அறுந்த சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை. குப்பம்மாள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது, நாட்டார் நீலமேகம் தொண்டையைச் செருமினார். ஊருக்குத் தலைவர் அவர். கெட்ட சேதி சொல்வதற்கு முன்னால் மட்டும் செருமுகிறவர்.

"குப்பு, கொஞ்சம் உக்காரு. போன வாரம் கோட்டைலேர்ந்து தமுக்கு அடிச்சாங்களே, கேட்டியா?"

"நான் இறால் காய வச்சிக்கினு இருந்தேன் நாட்டாரே."

"வீட்டுக் காப்புச் சபைன்னு ஒண்ணு வச்சிருக்கான் ஒலாந்தாக்காரன். புருஷன் பெண்டாட்டி பிரிஞ்சா வீடு சீரழிஞ்சு பூடுதாம். அத்த காப்பாத்தறதுக்குச் சபையாம். அதுங்கிட்ட சொல்லாம வீட்ட யாரும் யாருக்கும் குடுக்கக் கூடாது. குடுத்தா நம்ம ஊருத் தோணி ஒண்ணும் முகத்துவாரம் தாண்டாதுன்னுட்டான்."

"என் வீட்ட எதுங்கிட்டேர்ந்து காப்பாத்தப் போறானாம்?"

"அத்த சொல்லல" என்றார் நீலமேகம்.

குப்பம்மாள் ஏரியைப் பார்த்தாள். தெளிந்து கிடந்தது. ஆனால் புரட்டாசிக்குள் கூரையைப் பிரித்துப் புது ஓலை போட்டாக வேண்டும். ஐப்பசி மழை யாருக்காகவும் நிற்காது. போன வருஷத்து ஓலை இன்னொரு மழையைத் தாங்காது என்பது அதை முடைந்த அவள் விரல்களுக்கே தெரியும். ஒருநாள் வேலைதானே, போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள். டச்சுக்காரர்களின் கோட்டையோடு பழக்கமில்லாதவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள்.

மறுநாள் தருமனின் தோணியில், நாட்டாரும் சேர்ந்து மூவரும் கோட்டைக்குப் போனார்கள். பிரிந்த புருஷன் துடுப்புப் போட்டான், பிரிந்த பெண்டாட்டி தோணிக்குள் கசிந்த தண்ணீரை வாரி இறைத்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம், ஒரு துரும்போடு போய்விடுமா?

சபையில் மூன்று துரைமார் இருந்தார்கள். மூவர் தலையிலும் வெள்ளை மயிர்த் தொப்பி. வியர்வை அதிலிருந்து புறப்பட்டுக் கழுத்துப்பட்டி வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் துபாஷி ஆதிநாராயணன் நின்றார். அவர் மொழிபெயர்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். கேட்பவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்போ அழுகையோ வந்துவிடும், இரண்டும் வேலைக்கு ஆகாது என்பது அவர் அனுபவம்.

"வீட்டைக் கேட்பது யார்?" என்றார் தலைமைத் துரை.

"அவதான்" என்றான் தருமன்.

"நான்தான்" என்றாள் குப்பம்மாள்.

"அதை எதிர்ப்பவர்?"

இருவரும் திரும்பி நீலமேகத்தைப் பார்த்தார்கள். நீலமேகம் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

துரைமார் தலைகள் ஒன்றுகூடிப் பிரிந்தன. பிறகு தலைமைத் துரை எழுந்து நின்று பேசினார். துபாஷி கண்ணை மூடினார்.

"அம்மா, இந்தச் சபைக்கு மேஜை வந்து ஏழு மாதமாகிறது. நாற்காலிகள் வந்துவிட்டன. அரக்கு வந்துவிட்டது, அரக்கில் குத்த முத்திரையும் வந்துவிட்டது. வராமல் இருந்தது வழக்கு மட்டும்தான், அதற்காகத்தான் போன வாரம் தமுக்கு அடித்தோம். இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். வந்த இடத்தில் 'சண்டை இல்லை' என்கிறீர்கள். சண்டை இல்லாதவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல எங்களிடம் விதி இல்லை. விதி இல்லாமல் உங்களைத் திருப்பி அனுப்பினால், இந்தச் சபை எதற்கு என்று மேலே கேட்பார்கள். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை. ஆகவே தயவுசெய்து சண்டை போடவும்."

இருவரும் விழித்தார்கள்.

பன்னிரண்டு வருஷமாகத் தினம் தவறாமல் சண்டை போட்டவர்கள். அடுத்த தீவில் இருப்பவர்கள்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஆனால் மூன்று பேர் பேனாவை மையில் தோய்த்துக் காத்திருக்கும்போது ஒரு வசவும் வாயில் வரவில்லை.

"யோவ், ஏதாவது சொல்லேன்யா" என்றாள் குப்பம்மாள் மெதுவாக.

"இன்னா மே சொல்றது?"

"எதனா சொல்லு. நேரமாவுது, வீட்டுக்குப் போவணும்."

தருமனுக்கு உதவி செய்யும் குணம் உண்டு. அதுதான் அவனுடைய கெட்ட குணமும். அவன் யோசித்துப் பார்த்து, தனக்குத் தெரிந்த மிகச் சின்னக் குறையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தான்.

"கூரை... வடக்கு மூலையில கொஞ்சம் ஒழுகும்."

குப்பம்மாளின் முகம் மாறியது.

"இன்னா சொன்ன?"

"இல்ல மே, சும்மா..."

"என் முடைச்சலா ஒழுகுது? சுண்ணாம்புக்குளத்துல கீறாளே, அவ முடைஞ்சத போய் பார்த்தியா? பனையோலைய எப்படிப் புடிக்கணும்னு தெரியுமா அவளுக்கு? வடக்கு மூலைல படுத்துக்கினு கூரைய எத்தினி வாட்டி எட்டி ஒதைச்ச நீ? கால நீட்டிக்கினு படுக்கத்தான் வீடா உனக்கு?"

"கால மடக்கினா உன் இறால் கூடை இடிக்குது மே!"

மூன்று பேனாக்களும் ஓடின. ஒரு துரை மகிழ்ச்சியில் மை சிந்தினார். 'வீட்டின் வடக்கு மூலை குறித்துத் தீவிரத் தகராறு' என்று எழுதி, மூன்று பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். வழக்கு முடியும்வரை வீடு பூட்டி முத்திரையிடப்படும் என்று துபாஷி கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

முத்திரை வைக்க வந்த படகு கரை தட்டியபோதுதான் தெரிந்தது, அந்த வீட்டுக்குக் கதவு இல்லை என்று. பசியாவரத்தில் எந்த வீட்டுக்கும் கதவு கிடையாது. கண்டல் மரக் கம்பு நட்டு, ஓலைத் தட்டி கட்டி, மேலே கூரையை வைத்திருப்பார்கள். ஏரி கரையைத் தின்னும்போது இருபது பேர் கூடிக் கூரையை அப்படியே தூக்கி மேட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். குப்பம்மாளின் வீடு இதுவரை நாலு தடவை நடந்திருக்கிறது. நடக்கும் வீட்டுக்குக் கதவு பாரம்.

"கதவு இல்லாததை எப்படிப் பூட்டுவது?" என்று துபாஷி தன்னையே கேட்டுக்கொண்டார். கேள்வி சபைக்குப் போனது. நாலாம் நாள் பதில் வந்தது. கூடவே ஒரு கதவும் வந்தது. உடைந்த கப்பலிலிருந்து கழற்றிய தேக்கு. நிலையோடு சேர்த்து ஆறு பேர் தூக்கினார்கள். வீட்டுக்கு முன்னால் பள்ளம் தோண்டி நட்டார்கள். வீட்டைவிடக் கதவு ஒரு முழம் உயரமாக இருந்தது. பூட்டினார்கள். சிவப்பு அரக்கு ஊற்றி முத்திரை குத்தினார்கள். சாவியைத் துபாஷி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சாமி, என் சோத்துப் பானை உள்ள கீது" என்றாள் குப்பம்மாள். "பின்னால தட்டிய ஒதுக்கி எடுத்துக்கவா?"

"வழி என்றால் கதவுதான் அம்மா. கதவு பூட்டியிருந்தால் வீடு பூட்டியிருக்கிறது. ஆள் உள்ளே நுழைந்தது தெரிந்தால் ஊர்த் தோணிகளின் கதி தெரியுமல்லவா?"

அப்போது தட்டிக்குக் கீழே புகுந்து குப்பம்மாளின் கோழி வெளியே வந்தது. எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது. அடை உட்கார்ந்திருந்த கோழி. துபாஷி காகிதத்தைப் புரட்டினார். 'கோழி வழக்கில் ஒரு தரப்பு அல்ல. ஆகவே குடியிருக்கலாம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

காவலுக்கு ஒரு சிப்பாயை விட்டுப்போனார்கள். பெயர் கொர்னேலிஸ். நாற்பது வயது, பாதி நரைத்த தாடி, ஊரைவிட்டு வந்து பத்தொன்பது வருஷம். அவனுக்கு உத்தரவு மிகத் தெளிவு: கதவைப் பார்த்துக்கொள். அவன் கதவைப் பார்த்துக்கொண்டான். தினம் காலையில் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தமிழில் கேட்பான். கோழி பதில் சொல்லும்.

குப்பம்மாள் முதல் வாரம் தங்கை முறையான கோவிந்தம்மா வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர். அடுத்த வாரம் இன்னொரு வீடு. முகம் சுளித்தவர்கள் யாருமில்லை. ஆனால் அவள் உள்ளே வரும்போது ஒருவர் எழுந்து வெளியே போகவேண்டியிருந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. மூன்றாவது வாரம் தருமனின் தோணியும் முத்திரைக்கு உள்ளாயிற்று. அதுவும் குடும்பச் சொத்தாம். கரையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் அரக்கு ஊற்றினார்கள். தோணியைத் தொடக்கூடாது என்றார்கள். அடியில் படுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆக, துரும்பு அறுத்த இருவரும் ஒரே தோணிக்கு அடியில் வந்து சேர்ந்தார்கள். அவள் தலை ஒரு முனையில், அவன் தலை மறுமுனையில். நடுவில் இரண்டு ஜோடிக் கால்கள்.

"காலை மடக்குயா."

"மடக்கித்தான் கீறேன். இங்க இறால் கூடைகூட இல்ல."

குப்பம்மாள் தன் காலை இழுத்துக்கொண்டாள்.

"நீ சுண்ணாம்புக்குளத்துக்கே போயிரேன். அவ வீடு ஒழுகாதில்ல?"

"எப்படிப் போறது? தோணி மேல அரக்கு. அவளும் ஆள் அனுப்பிட்டா. தோணியில்லாத மீன்காரன் எனக்கு எதுக்குன்னு கேட்டாளாம்."

குப்பம்மாளுக்கு இதைக் கேட்டுச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தாள். வரவில்லை. புரட்டாசி பாதி போய்விட்டது, ஓலை வெட்ட ஆரம்பிக்க வேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

கூரைக்காவது ஓலை போட அனுமதி வேண்டும் என்று நாட்டார் வழியாக எழுதிப் போட்டாள். பதிலாக ஒரு படக்காரர் வந்தார். வீட்டின் நிலையைச் சபை அறிவதற்காக அதை வரையவேண்டும் என்றார். கதவுக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நாள் முழுக்க வரைந்தார். வெயில் சாய்ந்ததும் குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள். செங்கல் சுவர், கண்ணாடிச் சன்னல், மாடி, மாடிக்கு மேல் கூம்பு, கூம்புக்கு மேல் புகைக்கூண்டு. கதவு மட்டும் அச்சு அசலாக இருந்தது.

"இது யாரு வூடு?" என்றாள்.

படக்காரரிடம் ஆதிநாராயணன் கேட்டுச் சொன்னார். "வீடு என்பதை எப்படி வரையவேண்டும் என்று மாதிரி வந்திருக்கிறதாம் அம்மா. அதற்கு மாறாக வரைந்தால் பார்க்கிறவர்களுக்கு வீடு என்று புரியாதாம்."

தீர்ப்பு நாளன்று வானம் கறுத்திருந்தது. தலைமைத் துரை படத்தை மேஜையில் விரித்து, கோலால் தொட்டுக் காட்டி வாசித்தார். துபாஷி கண்ணை மூடினார்.

"நெடிய ஆலோசனைக்குப் பின் சபை நீதி வழங்குகிறது. கீழ்த்தளம் மனைவிக்கு. மேல்தளம் கணவனுக்கு. புகைக்கூண்டு இருவருக்கும் பொது. கணவன் பதினைந்து நாட்களுக்குள் மேல்தளத்தில் குடியேறவேண்டும். குடியேறியதைச் சபை கண்டபின் முத்திரை அகற்றப்படும்."

"சாமி" என்றான் தருமன், "மாடியே இல்லியே."

தலைமைத் துரை படத்தைப் பார்த்தார். தருமனைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "இருக்கிறதே" என்றார், ஆதரவாக.

குப்பம்மாள் முன்னால் போய் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"துரை, மாடிய அவனே வச்சிக்கட்டும். புகைக்கூண்டையும் வச்சிக்கட்டும். எனக்கு ஓலை போடணும். மழை வந்துட்டா கூரை உள்ள உழுந்துடும். அதான் என் வீடு. கதவு உங்களுது, எடுத்துக்கினு போங்க. கால்ல வேணும்னாலும் உழறேன்."

இரண்டாவது துரை காகிதம் ஒன்றை நீட்டினார். தலைமைத் துரை படித்து முகம் சுருக்கினார்.

"இன்னொரு சிக்கலும் எழுந்திருக்கிறது. இவர்கள் நாற்பது நாளாக ஒரே தோணிக்கு அடியில் வசிப்பதாகக் காவலன் எழுதியிருக்கிறான். ஒரே கூரைக்கு அடியில் வசிப்பவர்கள் பிரிந்தவர்களா? பிரியாதவர்கள் என்றால் இந்த வழக்கே இல்லை. வழக்கு இல்லை என்றால் முத்திரையை அகற்றும் உத்தரவும் இல்லை. இதைப் பத்தாவியாவில் இருக்கும் எங்கள் மேலிடத்துக்கு எழுதிக் கேட்போம். கப்பல் போய்ப் பதில் வர ஒன்றரை வருஷம் ஆகும். கவலை வேண்டாம், அதுவரை வீடு பத்திரமாக இருக்கும்."

"வீடு பத்திரமா இருக்கும் சாமி. நானு?"

துபாஷி இதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் தாமதித்தார். பதிலையும் கொஞ்சம் தாமதித்தே சொன்னார்.

"இது வீட்டுக் காப்புச் சபை. நீங்கள் இதன் அதிகாரத்துக்குள் வரமாட்டீர்கள்."

அப்போது முதல்முறையாக ஆதிநாராயணன் கண்ணைத் திறந்துவிட்டார். திறந்திருக்கக் கூடாது. குப்பம்மாளின் முகம் நேர் எதிரில் இருந்தது.

தீர்ப்புக்கு இரண்டாம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் விடிந்தபோது ஏரி ஊருக்குள் வந்திருந்தது. பசியாவரத்துக்காரர்கள் பதறவில்லை. வழக்கம்போல வீடுகளைத் தூக்கினார்கள். ஒவ்வொரு கூரையாக இருபது தோள்களில் ஏறி மணல்மேட்டுக்கு நடந்தது. கடைசியில் கீழே ஒரே ஒரு வீடு மிச்சம். அதற்கு முன்னால் தேக்குக் கதவு. கதவுக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் கொர்னேலிஸ்.

குப்பம்மாள் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்கு மூலை உள்வாங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

"நாட்டாரே, உத்தரவுல இன்னா எழுதிக் கீது? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

நீலமேகத்துக்கு மனப்பாடம். "கதவத் தொடக் கூடாது. கதவத் திறக்கக் கூடாது. உள்ள நுழையக் கூடாது."

"தூக்கக் கூடாதுன்னு கீதா?"

நீலமேகம் செருமவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

இருபது பேர் இறங்கினார்கள். வடக்கு மூலைக்குத் தருமன் போனான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. கொர்னேலிஸ் அவர்கள் வருவதைப் பார்த்தான். கதவைத் தொட வருகிறார்களா என்று பார்த்தான். இல்லை என்று தெரிந்ததும் கதவின் பக்கம் திரும்பி நின்று, முத்திரையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே... ஏலேலோ!"

கூரை எழும்பியது. பத்தடி வந்திருக்காது, வடக்குப் பக்கம் சொதசொதவென்று கழன்று தண்ணீரில் விழுந்தது. மக்கிய ஓலை, மாற்ற வேண்டிய காலம் தாண்டிய ஓலை. குப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மிச்சத்தைத்தான் மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பாதிக் கூரை. அதை மூன்று கம்பில் நிறுத்தினார்கள். நாலாவது கம்பு கிடைக்கவில்லை. தருமன் அந்த மூலையைத் தலையில் தாங்கி நின்றான்.

"எம்மாம் நேரம் நிக்கணும் மே?"

"கம்பு கெடைக்கிற வரைக்கும். வடக்கு மூலைதானே? ஒழுகுதான்னு பார்த்துச் சொல்லு."

"ஒழுகுது" என்றான் தருமன். அவன் முகத்தில் வழிந்தது எல்லாம் மழை என்றே வைத்துக்கொள்ளலாம்.

மத்தியானம் சபையின் படகு வந்தது. ஆதிநாராயணன் குடையோடு எழுந்து நின்று, தண்ணீருக்கு நடுவில் தனியாக நிற்கும் கதவைப் பார்த்தார். பூட்டு இருந்தது. முத்திரை கலையவில்லை. மணல்மேட்டை நோக்கித் தலையைத் திருப்பப் போனவர், திருப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்: 'முத்திரை பழுதின்றி உள்ளது. வீடு பத்திரமாக இருக்கிறது.' படகு திரும்பியது. காவலை மாற்றும் உத்தரவு எதுவும் அதில் வரவில்லை.

தண்ணீர் கொர்னேலிஸின் இடுப்புக்கு வந்தது. அப்புறம் அவன் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்தான். உதடு நீலமாக இருந்தது. எல்லா வீட்டையும் தாண்டி, குப்பம்மாளின் பாதிக் கூரைக்கு முன்னால் வந்து நின்றான். கையை ஓங்கினான். தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஓங்கிய கையோடு மழையில் அப்படியே நின்றான்.

குப்பம்மாள் உள்ளேயிருந்து பார்த்தாள். திட்டுவதற்கு நாற்பது நாளாகச் சேர்த்துவைத்தது அவளிடம் நிறைய இருந்தது.

"இன்னா முழிச்சிக்கினு நிக்கிற? கதவு அங்க ஏரிக்குள்ள கீது, பூட்டிக் கீது. இப்படியே உள்ள வா."

அவன் குனிந்து உள்ளே வந்தான். உட்கார இடம் தேடினான். கூரையில் ஒழுகாத இடம் ஒரு முறம் அகலத்துக்குத்தான் இருந்தது. அங்கே, வீட்டோடு இறால் கூடையில் மேடேறி வந்த கோழி, பொரித்த ஏழு குஞ்சுகளையும் இறக்கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் குடியிருக்கச் சபையின் கையொப்பம் பெற்றது அது ஒன்றுதான். ஆகவே அதை நகரச் சொல்லாமல், தருமன் மூலையைத் தாங்கி நிற்க, குப்பம்மாளும் கொர்னேலிஸும் மழையில் உட்கார்ந்துகொண்டார்கள்.